வேதாவின் கேமராவுக்கு வந்த கடைசி அப்டேட்

வேதவல்லி போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி முருகன் போன் செய்தான். "அக்கா போய்ட்ச்சிண்ணா..." அவ்வளவுதான் சொன்னான். பிறகு அழுகைதான் கேட்டது.

சர்க்கரை முதலில் அவள் கண்ணைத் தின்றது, அப்புறம் கிட்னியை. வேலூரில் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தது. பிழைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும்...

பலருக்கு அவளைத் தெரியாது. கேமராவுமன். வேலூர் பக்கத்து அமிர்திக்காரி. சென்னையில் ஒரே சீரியல் யூனிட்டில் அவள் கேமரா, நான் சவுண்டு. அங்கிருந்து வெளியே வந்து, பழைய டிஜிட்டல் சினிமா கேமரா ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி, சொந்தமாக ஒரு ஆவணப்படம் எடுக்க ஆரம்பித்தாள்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு மலை பஸ்ஸில் போகும் பெண்களைப் பற்றிய படம். முக்கியமாக சின்னப்பொண்ணு என்கிற அம்மா. புளி மூட்டையோடு ஏறி, வழி முழுக்க பஸ்ஸையே சிரிக்க வைக்கிறவர்.

"இன்னாம்மா, எம் மூஞ்சிய இன்னும் எத்தினி வாட்டிதான் புடிப்ப? தேய்ஞ்சிடப் போவுது" என்பார். அந்தச் சிரிப்பு மட்டும் வேதாவிடம் சிக்கவே சிக்காது. பட்டனை அமுக்குவதற்குள் சிரித்து முடித்திருப்பார்.

அப்போதுதான் அந்த கேமராவுக்கு ஒரு ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது உள்ளே ஓடும் மென்பொருளின் புது வெர்ஷன், வந்தது. பட்டனை அமுக்குவதற்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்துப் பதிவு செய்கிற வசதி.

ஜமுனாமரத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அப்டேட் போட்டோம். வெளியே நல்ல மழை. பாதியில் பவர் நின்றால் கேமரா வெறும் கல், திரும்ப ஆன் ஆகாது. பேட்டரியையும் நம்ப முடியாது, கரண்டையும் நம்ப முடியாது.

"நின்னுச்சின்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வாய மூடு. அதுக்குக் காது கேக்குது" என்றாள், கேமராவைத் துப்பட்டாவால் மூடிப் பிடித்துக்கொண்டு.

அடுத்த சந்தைக்குச் சின்னப்பொண்ணு அம்மாவின் சிரிப்பு சிக்கியது. முழுசாக, ஆரம்பத்திலிருந்து. வேதா பஸ்ஸிலேயே என் முதுகில் ஓங்கி அடித்தாள். "நான் அமுக்கறதுக்கு மின்னாடியே எடுத்துட்ச்சிடா!"

கண் போய்க்கொண்டிருக்கிறது என்பதை அதே பஸ்ஸில்தான் பிறகொரு நாள் சொன்னாள். மலையிலிருந்து இறங்கி வரும்போது, ஜன்னல் பக்கம் திரும்பியபடி. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்ச நாள் தாங்கியது.

ஃபோகஸ் சரியாக விழுந்த இடத்தின் ஓரத்தில் கேமரா ஒரு சிவப்புக் கோடு காட்டும். அந்த மெல்லிய கோடு அவளுக்குத் தெரியாமல் போனது. கம்பெனியின் இணையதளத்தில் போய்க் கேட்டாள்... கோட்டைத் தடிமனாக்க முடியுமா, வேறு நிறத்தில் தர முடியுமா என்று.

அடுத்த வெர்ஷனில் இரண்டும் வந்திருந்தன. அவள் கேட்டதால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. அவள் அமிர்தி வீட்டு வாசலில் கேமராவைத் தூக்கிக்கொண்டு எதிரில் வந்த கோழி, சைக்கிள், முருகன் என்று எல்லாவற்றையும் ஃபோகஸ் செய்துகொண்டிருந்தாள். "பச்சையில வெச்சா பளிச்சினு தெரியுதுடா. இன்னும் ரெண்டு அப்டேட் வந்தா போதும், படத்த முட்ச்சிடுவேன்."

ஒன்றுதான் வந்தது.

முகத்தைக் கேமராவே பின்தொடர்ந்து ஃபோகஸ் செய்யும், திரையில் எழுத்துகள் பெரிதாகத் தெரியும் என்றெல்லாம் அறிவித்திருந்தார்கள். அவளால் அந்தக் குறிப்பைப் படிக்க முடியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னாள். புதிய மாடல்களுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. எங்கள் கேமராவுக்குச் சின்னச் சின்னப் பிழைதிருத்தம், இதுவே கடைசி வெர்ஷன்.

"நம்மள்துக்கு இல்லியா?"

"இல்ல வேதா."

"இன்னொருவாட்டி படி."

படித்தேன். மாற்றம் எதுவும் இல்லை.

வாடகைக்குப் புது கேமரா எடுக்கலாம் என்றேன். ஃபோகஸுக்கு ஒரு ஆள் வைக்கலாம் என்றேன். பஸ்ஸுக்குள் இன்னொரு ஆள் நின்றால் அந்தப் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றாள். அது உண்மையும்கூட. தனியாகவே எடுத்தாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் பின் சீட்டில். அன்றைக்குச் சின்னப்பொண்ணு அம்மா சிரிக்கவில்லை. செத்துப்போன மகளைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். சந்தை வரும்வரை பேசினார்.

அமிர்திக்கு வந்து பெரிய டிவியில் போட்டோம். வேதா கிட்டத்தில் போய் நின்றாள்.

"மூஞ்சி எப்பிடி கீது?"

"ஃபோகஸ் அவுட்டு வேதா. பின்னாடி ஜன்னல் கம்பிதான் ஷார்ப்பா கீது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

கையால் தடவி டிவியை அணைத்தாள். பிறகு, "அந்தம்மாவ திரும்ப ஒருவாட்டி சொல்லச் சொல்ல முடியாதில்ல..." என்றாள்.

அதற்கப்புறம் அவள் மலை ஏறவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, புதிதாக வந்த ஒரு கேமராவின் அப்டேட்டைப் பற்றி ஆரம்பித்தேன். இருட்டிலும் சுத்தமாக எடுக்கிறதாம் என்று.

"அதெல்லாம் இனிமே எங்கிட்ட சொல்லாத" என்றாள். கோபமாக இல்லை. தண்ணீர் வேண்டாம் என்று சொல்வது போல.

படம் ஹார்ட் டிஸ்கில் பாதியில் கிடக்கிறது. அதை முடிக்க என்னால் ஆகாது. வேறு யாரும் வரப்போவதும் இல்லை.

மாலையில் அமிர்தியில் உடலை எடுக்கிறார்கள். பஸ் ஏறிவிட்டேன்.

வந்துகிட்டே இருக்கேன், வேதா.