பீரோவுக்குள் ஒரு பல்பு

அத்தை வீட்டு மர பீரோவின் கதவிடுக்கில் பட்டப்பகலிலும் ஒரு மஞ்சள் கோடு தெரியும். உள்ளே, அடித்தட்டில், ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். துணி அதில் பட்டுவிடக் கூடாதே என்று, சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பா ஒன்றை அத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்திருப்பாள். கொடைக்கானலில், அதுவும் வட்டக்கானல் சரிவில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கீழே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மழை மாதங்களில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். சுவரெல்லாம் ஓதம் ஏறும். பல்பு இல்லாத பீரோவில் கல்யாணப் பட்டும் இடுப்பு பெல்ட்டும் பள்ளிக்கூட ஷூவும் ஒன்றுபோலப் பச்சையாகப் பூசணம் பூத்துப்போகும். அத்தையின் பீரோவைத் திறந்தாலோ, கதகதப்போடு ஒரு வாசனை வரும். இஸ்திரி போட்ட துணியும் சூடேறிய தகரமும் கலந்த வாசனை. பள்ளிக்குக் கிளம்பும்போது என் ஸ்வெட்டரை அதற்குள்ளிருந்து எடுத்து அத்தை மாட்டிவிடுவாள். ஒரு கோழி சிறகை விரித்து மூடிக்கொண்டது போலிருக்கும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். அவளுக்குப் பிள்ளை இல்லாததால் நான் பாதி நாள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் வளர்ந்தேன். இப்போது நான் கொடைக்கானல் டவுனில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். எனக்கும் ஒரு பீரோ, அதற்குள் ஒரு பல்பு. இப்போது வரும் எல்இடி பல்புகள் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. பழைய குண்டு பல்புக்காக மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கடை கடையாக ஏறி இறங்கி, தூசி படிந்த ஒரு பெட்டியிலிருந்து வாங்கி வந்தேன். அந்தப் பீரோவுக்கு முன்னால் இப்போது ஒரு பெரிய பை வாய் திறந்து கிடக்கிறது. விடிந்தால் நாங்கள் ஜெய்சல்மருக்குக் கிளம்புகிறோம். கிளம்ப வேண்டும். இதற்கு முன் இரண்டு முறை டிக்கெட் எடுத்து இரண்டு முறையும் ரத்து செய்தவள் நான். அதனால் எதையும் உறுதியாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஊரின் பெயர் எங்கள் குடும்பத்துக்குள் வந்தது அத்தை வழியாகத்தான். வட்டக்கானலில் ஒரு விடுதியில் அவளுக்குத் துணி துவைக்கும் வேலை. மெத்தை விரிப்பு, தலையணை உறை, கம்பளி, சுற்றுலா வந்தவர்கள் சேற்றில் புரட்டிக்கொண்டு வரும் ஜீன்ஸ் எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். பிறகு விடுதியில் வாஷிங் மெஷின் வாங்கினார்கள். ஆனால் காயவைக்க மெஷின் வாங்கவில்லை. "தொவைக்கிறது ஒரு சோலியா? காயப்போடுறதுதான் சோலி" என்பாள். ஈர விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கும் வெந்நீர் பாய்லர் அறைக்கும் சமையலறைக்கும் அவள் நடக்காத நடையில்லை. ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பிப் போடுவாள். அதற்குள் மேகம் இறங்கி, காய்ந்த பக்கம் மறுபடி நனைந்திருக்கும். அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும்.

அப்படியொரு மழைநாளில்தான், அந்தப் பாலைவன ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி விடுதிக்கு வந்தாளாம். மற்றவர்கள் மழையைச் சபித்துக்கொண்டு அறைக்குள் முடங்கிக் கிடக்க, அவள் மட்டும் முற்றத்தில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நனைந்தபடி நின்றாளாம். கூரைக்கடியில் விரிப்புச் சுமையோடு நின்ற அத்தைக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. விடுதி மேனேஜரை மொழிபெயர்க்கச் சொல்லி இருவரும் பேசியிருக்கிறார்கள். தங்கள் ஊரில் கொடியின் இந்த முனையிலிருந்து துணி போட ஆரம்பித்தால், அந்த முனைக்குப் போவதற்குள் முதலில் போட்டது காய்ந்திருக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். அத்தை அதை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பிறகு, "பெட்ஷீட்டுமா?" என்றாளாம். ஆமாம், பெட்ஷீட்டும்தான் என்றாளாம் அவள்.

அன்றிலிருந்து அத்தைக்கு அந்த ஊரே தியானம். காலண்டரிலிருந்து கிழித்த மணற்கோட்டைப் படம் ஒன்று அடுப்படிச் சுவரில் ஏறியது. அடுத்த மழைக்கே ஓதம் ஏறி அந்த மஞ்சள் கோட்டை கொப்பளித்துப்போனது. அவள் கவலைப்படவில்லை. வடக்கிலிருந்து வரும் விருந்தினர் யாரையும் விடாமல் விசாரித்து, கொடை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி, சென்னையில் இறங்கி, அங்கிருந்து ஜோத்பூர் ரயில் என்று வழியை மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். மாமா இங்கிருந்து கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் லாரியின் டிரைவர். அவருக்கு இது வேடிக்கை. மணல் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன், என் லாரியில் ஏறு, ஒட்டன்சத்திரம் போகிற வழியில் எவனாவது வீடு கட்டக் கொட்டிவைத்திருப்பான், பார்த்துவிட்டு வா என்பார். அத்தை விரிப்பை உதறிக்கொண்டே, "நான் மணலப் பாக்கப் போகலீங்க. வெயிலப் பாக்கப் போறேன்" என்பாள்.

இவ்வளவு கேலி செய்த மாமாதான் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் டிக்கெட் எடுத்து வந்தார். பள்ளி விடுமுறை என்பதால் எனக்கும் சேர்த்து எடுத்திருந்தார். அத்தை அதைக் கையில் வாங்காமல் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது.

கிளம்பிய அன்று வெள்ளனே முதல் பஸ். வாசலைப் பூட்டப்போன அத்தை, எனக்குக் குளிரும் என்று மறுபடி உள்ளே போய்ப் பீரோவிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து வந்து மாட்டிவிட்டாள். மலை வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். ஈரத் துண்டால் என் முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தாள். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மாமா டீ வாங்கிக் கொடுத்தார். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டரை எடுக்கும்போது பல்பின் மேலிருந்த டப்பாவை நகர்த்தி வைத்திருந்தாள். அதைத் திரும்பக் கவிழ்த்தாளா?

வச்சிருப்ப, வெரசா வா, கொடை ரோடு வண்டியை எடுக்கப்போறான் என்றார் மாமா.

"வச்சிருப்பேன்னா என்ன அர்த்தம்? வச்சேனா, இல்லையா?"

யாருக்கும் தெரியவில்லை. பூத்திலிருந்து விடுதிக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். மழையில் லைன் செத்துக் கிடந்தது. வீட்டுச் சாவியோ அத்தையின் இடுப்பில். மாமா கோபப்படவில்லை, கெஞ்சினார். அத்தை அவரைப் பார்க்காமல், "சுவத்துக்கு அங்கிட்டு பிள்ளை தூங்குதுங்க" என்றாள். என் தம்பி அப்போது தொட்டில் குழந்தை. மாமா பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். நாங்கள் போக வேண்டிய பஸ் எங்களைக் கடந்து வெளியேறியது.

மலை ஏறும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, என் முகம் துடைத்த துண்டை அத்தை கம்பித் தடுப்பில் விரித்துப் போட்டிருந்தாள். பஸ் வந்ததும் எடுத்தால், மொரமொரவென்று காய்ந்திருந்தது. மாமா அந்த நேரத்திலும் விடவில்லை. "இந்தா, ஒம் பாலைவனம் வத்தலக்குண்டுலயே கெடக்கு" என்றார். அத்தை அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த வாழைக்காய் வியாபாரி திரும்பிப் பார்த்தார். சிரித்து முடித்துத் துண்டை முகர்ந்து பார்த்தாள். பிறகு நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தோம். டப்பா அதன் இடத்தில் கவிழ்ந்திருந்தது. ஓட்டைகள் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாகப் புடவைகளின் மேல் விழுந்திருந்தது. எல்லாம் கதகதப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அத்தை கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள்.

அதன்பிறகு எந்த விசேஷ வீட்டிலும் மாமா அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை. பாலைவனத்துக்குக் கிளம்பி பல்பைப் பார்க்கத் திரும்பி வந்தவள் என்பார். அத்தையும் கூடச் சேர்ந்து சிரித்து, நான்தான் வத்தலக்குண்டிலேயே பார்த்துவிட்டேனே என்பாள். அவளுக்கு அந்த ஆசை அடங்கிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மாமா இறந்த பிறகு அந்தக் கதையைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

நான் அத்தையின் கையில் வளர்ந்தவள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிவந்து பார்க்கும் குணம் எனக்கும் உண்டு. மகள் பிறந்த பிறகு அது பத்து மடங்காகிவிட்டது. ஜெய்சல்மர் போகலாம் என்று நானேதான் சொன்னேன். டிக்கெட் எடுத்த மறுநாளே யோசனைகள் தொடங்கின. ரயில் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா, தூசியில் இருமல் வருமா, பகலில் அந்த வெயிலும் இரவில் அந்தக் குளிரும் தாங்குமா, ஒட்டகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டால் என்ன செய்வது? முதல் முறை அவளுக்குச் சளி பிடித்ததால் ரத்து செய்தேன். இரண்டாம் முறை எதுவுமே நடக்கவில்லை. அவள் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாள். நான்தான் ரத்து செய்தேன். மாமியார் போனில், நல்ல வேளை, பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணலுக்கா போவது என்றார். அவர் சொன்னது தப்பென்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றாம் முறை டிக்கெட் எடுத்தபோது என் கணவர் ஒன்றுதான் சொன்னார்: "இந்தத் தடவ பையை எறக்குறதா இருந்தா நீயே எறக்கு. நான் தொடமாட்டேன்."

போன ஞாயிற்றுக்கிழமை வட்டக்கானலுக்கு இறங்கிப் போனேன். அத்தையையும் உடன் அழைக்கத்தான் போனேன். ஆனால் உள்ளூர, சின்னப் பிள்ளையோடு போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றும் இருந்தது. அத்தை முட்டியைத் தேய்த்துக்கொண்டே, இத்தனை நாள் ரயிலில் உட்கார என்னால் ஆகாது என்றாள். பேச்சை லேசாக்க நினைத்து, நீங்கள்தான் வத்தலக்குண்டிலேயே பார்த்துவிட்டீர்களே அத்தை என்றேன்.

அத்தை சிரிக்கவில்லை.

"அன்னைக்குக் காஞ்சது துண்டு தாயி. துண்டு எங்க போட்டாலும் காயும். நான் கேட்டது பெட்ஷீட்டு."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் எங்களோடு சேர்ந்து சிரித்தவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியானால் ஏன் மறுபடி கிளம்பவில்லை என்று கேட்டேன். மாமா இருந்தவரை கேட்டிருந்தால் அழைத்துப்போயிருப்பாரே.

"கூப்பிட்டாரு. ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன்." முட்டியை மறுபடி தேய்த்துக்கொண்டு சொன்னாள்: "மறுக்கா கெளம்பி, மறுக்கா திரும்பி வந்துட்டேன்னு வையி. அப்புறம் நான் எதுக்குமே லாயக்கில்லன்னு எனக்கே தெரிஞ்சு போயிரும்ல. ஒரு தடவன்னா பல்பு மேல பழிய போட்டுக்கலாம்."

என்னைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆனால் அவள் என்னைப் பற்றிச் சொல்லவே இல்லை. நான் டிக்கெட் ரத்து செய்த கதை அவளுக்குத் தெரியாது.

அத்தை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டே பீரோவுக்குப் போனாள். கதவைத் திறந்து, அடியிலிருந்து கனத்த வெள்ளை விரிப்பு ஒன்றை உருவி எடுத்தாள். இரட்டைக் கட்டில் விரிப்பு. நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது. அதை என் மடியில் வைத்தாள்.

"இத வாளியில நல்லா முக்கி, புழியாமக் கொடியில போடு. போட்டுட்டு எனக்குப் போன் போடு. அந்தப் புள்ள சொன்னது பொய்யா நெசமான்னு எனக்குத் தெரியணும். காயலேன்னாலும் காயலேன்னு சொல்லு. அத்தை மனசு நோகும்னு மழுப்பாத."

சூடான விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு, சரி என்றேன். எனக்காக நான் போவதாக இருந்தவரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்துகொள்ள முடிந்தது. இனி முடியாது.

இன்று மாலை பையில் அந்த விரிப்பை வைக்க இடமில்லை. இரண்டாவது வெந்நீர் பிளாஸ்க், அரிசிக் கஞ்சி மாவு, மகளுக்காக ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்த குல்லாக்கள், மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பாலைவனத்துக்கு மழைக்கோட்டை எடுத்து வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அத்தையின் விரிப்பு சரியாகப் பொருந்தியது. பிறகு பீரோவின் முன்னால் நின்றேன். பல்பை எரியவிட்டுப் போனால் வத்தலக்குண்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் என் கல்யாணப் புடவையில் பச்சை பூத்திருக்கும்.

சுவிட்சை அணைத்தேன். கதவிடுக்கின் மஞ்சள் கோடு போய்விட்டது. பக்கத்தில் நின்ற மகள், "அம்மா, துணிக்கெல்லாம் குளிராதா?" என்று கேட்டாள். குளிரும், வந்து துவைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவள் போன பிறகு மறுபடி ஒரு யோசனை வந்தது. அணைத்தேன் என்பது நாளை எனக்கு நினைவிருக்குமா? டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தேன். பல்பை அழுத்தித் திருகிக் கழற்றினேன். மகளின் காலுறை ஒன்றுக்குள் போட்டுச் சுருட்டி, என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இன்னும் சூடு ஆறவில்லை. காலையில் வத்தலக்குண்டில் டீ கிளாஸோடு நிற்கும்போது சந்தேகம் வந்தால், பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன்.