உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போ

நெஞ்சு படபடப்புக்கு வைத்தியம் பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "இதயத்துல ஒரு கோளாறும் இல்லம்மா. மாடியில கவுன்சிலிங் மேடம் இருக்காங்க, போய்ப் பேசிட்டு வாங்க" என்றார் டாக்டர். பேசுவதற்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்? வில்லாபுரத்தில் எங்கள் தெருக் குழாயடியில் பேசாத பேச்சா?

முதல் நாள் அந்த மேடம் முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கம் குறி கேட்கப் போனால் அப்படித்தான். வந்த காரியத்தை நாம் சொல்லக் கூடாது. சொல்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவர் நெசமான ஆளா என்று பார்ப்போம். மேடமும் பேசவில்லை. கடைசியில் பொறுக்க மாட்டாமல், "எனக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க மேடம்" என்றேன்.

"நீங்க சொன்னாத்தானேம்மா எனக்குத் தெரியும்?"

சரிதான், இவருக்கு ஒன்றும் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மறுவாரமும் போனேன். காரணம் என் மகள்.

மகள் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். காலையில் தெருமுக்குக்குக் கம்பெனி வேன் வரும், யாருக்காகவும் நிற்காது. அவள் கிளம்புகிற நேரம் கால் இடறினால், யாராவது தும்மினால் நான் விட மாட்டேன். "ஏத்தா, உள்ள வந்து உட்கார்ந்து ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டுப் போ." எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என்ன, எங்கள் வீட்டில் அடுத்த வீட்டுக்காரர் இருமினாலும் தண்ணிதான். அப்படிப் பல நாள் வேனை விட்டதில், கம்பெனியில் அவளைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார்கள். அன்றைக்கு அவள் கத்தவில்லை. "இனிமே வேனை விட்டேன்னா ஆஸ்டலுக்குப் போயிருவேன்மா" என்று மெதுவாகச் சொன்னாள். கத்தியிருந்தால்கூட அம்புட்டுப் பயந்திருக்க மாட்டேன்.

மேடத்திடம் இதைச் சொன்னேன். அந்த வழக்கத்தை விடுங்கள் என்பார், சண்டைக்கு நிற்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கேட்டதோ வேறு: "அந்த நேரத்துல உங்க உடம்பு என்ன செய்யும்?"

அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. யோசித்துச் சொன்னேன். உள்ளங்கை சில்லிடும். நெஞ்சு படபடக்கும். அவள் தண்ணியைக் குடித்ததும் எனக்குச் சரியாகிவிடும்.

"குடிக்கிறது அவங்க, சரியாகுறது உங்களுக்கா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இனிமே நானே குடிக்கட்டுமா மேடம்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "குடிச்சுத்தான் பாருங்களேன்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள், "இதுக்கா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போற?" என்று கேலி செய்தாள்.

அடுத்தடுத்த வாரங்களில் பேச்சு எங்கெங்கோ போய் என் அப்பாவிடம் வந்து நின்றது. பேரையூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஒரு நாள் கிளம்பும்போது அப்பாவுக்கு வாசலில் கால் இடறியது. உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. "பஸ்ஸ உங்கப்பனா நிறுத்தி வச்சிருக்கான்?" என்று சிரித்துக்கொண்டே போனார். பஸ் கவிழ்ந்து அவருக்கு ஒரு கால் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு நான் களையெடுக்கப் போனேன். தண்ணி குடிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியாக இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

மேடம் கேட்டுவிட்டு, "சேதி வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

கதவுக்குப் பின்னால். அம்மா அழுதாள், ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் நான் அங்கேயேதான் நின்றேன். பிள்ளை பயந்து போச்சே, உட்காரு, இந்தா தண்ணி என்று ஒருத்தர் சொல்லவில்லை. அவரவர் பாடு அப்படி. யாரைக் குறை சொல்ல? ஆனால் இத்தனை வருஷம் நான் சொன்ன கதையில் நான் இல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுதேன். மேடம் டம்ளரில் தண்ணி ஊற்றி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

போன மாசம் ஒரு காலையில் வாசலைத் தாண்டும்போது மகளுக்குச் செருப்பு வார் அறுந்தது. இதைவிடக் கெட்ட சகுனம் வேறென்ன வேண்டும்? அவள் அப்படியே நின்று என் முகத்தைப் பார்த்தாள். முக்கில் வேன் ஹாரன் அடித்தது. என் உள்ளங்கை சில்லிட்டது. வந்துட்டியா, வா என்று அந்தப் பயத்திடம் மனசுக்குள் சொல்லிவிட்டு, "என் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடு தாயி" என்றேன். ஓடினாள். நான் தரையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணியை மடக்கு மடக்காகக் குடித்தேன். பயம் போய்விடவில்லை. ஆனால் அது என்னுடையது, அவளுடையது இல்லை என்று தெரிந்தது.

போன் அடித்தது. வேலைக்குப் போகிற வழியில் அவளாக என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

"ஏறிட்டேன்மா. உன் செருப்பு கழண்டு கழண்டு ஓடுது."

"சரித்தா."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சிட்டேன்."

ஆஸ்டல் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவில்லை. அடுத்த தடவை போனபோது, குறி சொல்கிறவருக்கு வைப்பதுபோல ஒரு எலுமிச்சம்பழத்தை மேடத்தின் மேசையில் வைத்தேன். "இது எதுக்கும்மா?" என்று சிரித்தார். "வச்சுக்குங்க மேடம்" என்றேன். அவர் அதைத் திருப்பித் தரவில்லை. பேசி முடிக்கிற வரைக்கும் கையிலேயே வைத்திருந்தார்.