மத்திய வகுப்புக் கருவாடு

நாங்கள் மத்திய வகுப்பு. பெருமைக்காகச் சொல்லவில்லை, அரசாங்கம் சொன்னது. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் காணி கொடுத்த நாட்களில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏழைக் கமக்காரரின் குடியேற்றம், இந்தப் பக்கம் மத்திய வகுப்பாருக்கான திட்டம் என்று காகிதத்திலேயே எழுதிப் பிரித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் நாலு எழுத்துப் படித்தவர், யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதியவர். அது போதுமென்று நினைத்து எங்களுக்கு இந்தப் பக்கத்தில் காணி தந்தார்கள். வகுப்பு இலவசம், காடு வெட்டுகிற கூலி எங்களுடையது.

இதில் ஒரு வேடிக்கை. ஏழைகளுக்கு அரசாங்கமே ஓட்டு வீடு கட்டிக் கொடுத்தது. மத்திய வகுப்பாரிடம் வீடு கட்ட வசதி இருக்கும் என்று அது நம்பிவிட்டது. ஆகவே அக்கரையில் சிவப்பு ஓடு பளபளக்க, இக்கரையில் நாங்கள் களிமண் சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்தோம். அங்கே நின்று பார்க்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் ஏழை என்பதில் குழப்பம் வந்திருக்கும். எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. நாங்கள் அங்கே நின்று பார்ப்பதே இல்லை.

பார்க்காமல் இருந்தாலும் போகாமல் இருக்க முடியவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை அக்கரையில் இருந்தது. கூப்பன் அரிசி அங்கேதான். வாய்க்காலுக்குக் குறுக்கே பனங்குற்றிகளை அடுக்கி ஒரு பாலம் போட்டிருந்தார்கள், அதில் பையோடு போய்வர வேண்டும். போகலாம், ஆனால் எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. சட்டத்தை வகுத்தவர் கொழும்பு அக்கா.

அவரின் கணவர் கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். அங்கே இருக்க ஏலாமல் போய், பிள்ளைகளோடு இங்கே வந்து மண்வெட்டி பிடித்தார். அவர்களின் கொட்டிலும் எங்கள் கொட்டிலைப் போன்றதுதான், ஆனால் அதற்குள் ஒரு கண்ணாடி அலுமாரி நின்றது. அலுமாரிக்குள் பூப்போட்ட கோப்பைகள் இருந்தன. பனை ஊமல்கொட்டை மாதிரி உலர்ந்து போயிருந்த எங்களுக்கு அந்தக் கோப்பைகளைப் பார்த்தாலே ஒரு தெம்பு.

“கூப்பன் அரிசி எடுக்கிறது வேறை, பிள்ளை. அது அரசாங்கத்தின்ரை. அங்கை நிண்டு கருவாட்டுக்கும் புளிக்கும் கையை நீட்டினால் பிறகு நாங்கள் ஆர், அவையள் ஆர்?” என்பார் அக்கா. கொழும்பில் அவர் போன கடையில் மேலே காற்றாடி சுழலுமாம், சாமான்கள் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்குமாம், வாங்கியதைக் கடைக்காரப் பையன் வாசல்வரை தூக்கி வருவானாம். அந்தக் கடையில் கருவாடு என்ற சொல்லே கிடையாதாம்.

ஆகவே நாங்கள் மற்றச் சாமான்களுக்கு பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். டவுன் கடையில் பருப்பைப் பேப்பரில் சுற்றி நூலால் கட்டித் தருவார்கள். சங்கக்கடையில் அப்படியே பைக்குள் கொட்டுவார்கள். பருப்பு ஒரே லொறியில் வந்த பருப்புத்தான். நூலுக்குத்தான் நாங்கள் பஸ் காசும் கொடுத்தோம்.

கருவாடு எங்கள் பக்கத்தில் யாரும் சாப்பிடுவதில்லை என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் மணம் வரும். யாராவது ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் போதும், வரிசை முழுக்க மணக்கும். உடனே வேலியடியில் நிற்கிறவர் மூக்கைச் சுருக்கி, “அங்காலை ஆரோ பொரிக்கினம் போலை” என்பார். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் கருவாட்டு மணம் மட்டும் அக்கரையிலிருந்துதான் வரும். டவுனிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் பொரித்த நாட்களிலும் நானும் வேலியடிக்கு வந்து அப்படித்தான் சொன்னேன். மத்திய வகுப்பில் இருப்பது சும்மா வேலை இல்லை.

இரண்டாம் போகத்தில் எங்கள் பயிரை நோய் தின்றது. அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் இல்லாமல் போயிற்று. என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஊரிலிருந்து வந்து வயலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், “போதும், எங்கடை வீட்டுக்கு வாங்கோ” என்றார். நல்ல மனிதர். ஆனால் அந்த வீட்டை எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதில் அங்கேதான் இருந்தேன். விளக்குக்கு மண்ணெண்ணெய் விடுவதென்றாலும் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். குசினிக்குள் எனக்கென்று ஒரு கரண்டி கிடையாது. இங்கே ஒழுகுகிற கூரை என்றாலும் அடுப்பு என்னுடையது. இதை விட்டுவிட்டு அங்கே திரும்பிப் போக மாட்டேன் என்று நின்றேன்.

அப்போதுதான் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு கடை போடலாம் என்ற கதை வந்தது. சொன்னவர் கொழும்பு அக்காதான். “எங்கடை ஆக்களுக்கு எங்கடை கடை” என்றார். எங்கள் கொட்டில் பாதையோரம் இருந்ததால் முன்பக்கத்தைக் கடையாக்குவது என்று முடிவாயிற்று. என் தாலிக்கொடியை அடகு வைத்துச் சாமான் வாங்கினோம். என்ன சாமான் வைப்பதென்று அக்கா வீட்டு முற்றத்தில் ஒரு கூட்டமே நடந்தது. ரொட்டியில் பூசுகிற யாம் போத்தல் வேண்டும் என்றார் ஒருவர். ரின்னில் அடைத்த மீன், ரின் பால், கிறீம் பிஸ்கற், வாசனைச் சவுக்காரம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் வாசனைக்கு மேலில் பூசுகிற ஒடிக்கலோன் கேட்டார். கடைசியில் அக்கா எழுந்து, “ஒண்டை மட்டும் வைக்கப்படாது. கருவாடு வைச்சால் மணக்கும்” என்றார். எல்லாரும் ஓம் என்றார்கள். நான்தான் பெரிதாகத் தலையாட்டினேன்.

கடை திறந்த அன்று எல்லாரும் வந்து பார்த்தார்கள். “வடிவா இருக்கு” என்றார்கள். யாம் போத்தலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தார்கள். அதற்குப் பிறகும் வந்தார்கள், பார்த்தார்கள், வைத்தார்கள். ஒரு மாதத்தில் அந்தப் போத்தலைத் துடைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, அவ்வளவு கைகள். அவர்களைவிட நுளம்பு கூட என் கடைக்குள் கூடுதல் நேரம் நின்றிருக்கும். காசு கொடுத்து வாங்கியது அக்கரையிலிருந்து வந்த ஒரு பெண்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பிஸ்கற் வாங்கினாள். போகிறபோது என் கூரையை அண்ணாந்து பார்த்து, “மாரிக்கு என்ன செய்வியள், பாவம்” என்றாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிஸ்கற்றைத் திரும்ப வாங்கி வைத்துவிடலாமா என்றிருந்தது.

எங்கள் ஆட்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், காற்றையா என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியது ஒரு மத்தியானம். வழமையாக நாங்கள் காலையில்தான் கூப்பன் அரிசிக்குப் போவோம். அன்று வேலை மிஞ்சி, உச்சி வெயிலில் போனேன். சங்கக்கடைக்குள் எங்கள் வரிசைப் பெண் ஒருத்தி தூள் தேயிலையும் கருவாடும் வாங்கிக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் அரிசி மூட்டையை முதன்முதலாகப் பார்க்கிறவள் போலப் பார்த்தாள். வெளியே வந்தால் பாலத்தில் இன்னொருத்தி, பையை முந்தானையால் மூடிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் கொழும்பு அக்கா. அவரின் பைக்கு மேலே ஒரு ஆங்கிலச் சஞ்சிகை விரித்திருந்தது. சஞ்சிகைக்குக் கீழே வால் ஒன்று தெரிந்தது.

“வெயில், பிள்ளை” என்றார்.

“ஓமக்கா, சரியான வெயில்” என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து படலையை அறைந்து சாத்தினேன். அக்கரையில் வாங்கினால் பார்க்கிறவர்கள் யாரோ எவரோ. என் கடையில் அரை றாத்தல் கருவாடு கேட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு எங்களைப் பார்த்துத்தான் வெட்கம். இந்த வெட்கத்துக்கு நடுவில் என் அடுப்பு அணைகிறதே என்று ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “இனிச் சரிவராது. மாரிக்கு முதல் அண்ணையிட்டைப் போவம்” என்றார். அடுத்த நாளே பெட்டியைக் கட்டத் தொடங்கினார்.

மழை முந்திவிட்டது. அந்த மாரியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு காலையில் வாய்க்கால் நிரம்பி வழிந்து பனங்குற்றிகளை அடித்துக்கொண்டு போயிற்று. பாலம் இருந்த இடத்தில் செங்கலங்கல் தண்ணீர் சுழித்தது.

அன்று முல்லைத்தீவுக் கரையிலிருந்து கருவாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணி. சந்திவரை லொறியில் வந்து, அங்கிருந்து வாடகை வண்டிலில் சங்கக்கடைக்கு மூட்டைகளைக் கொண்டுபோகிறவர். பாலம் இல்லை. வண்டில்காரன் நிற்கமாட்டேன் என்கிறான். மழையோ பெய்கிறது.

“தங்கச்சி, மூட்டையள் நனைஞ்சால் நான் செத்தன். தண்ணி வத்துமட்டும் உள்ளுக்கை வைக்க விடுங்கோ” என்று கெஞ்சினார். போகப்போகிறவளுக்கு எந்தச் சட்டம்? வையுங்கோ என்றேன். மூன்று மூட்டைக் கருவாடு என் கடைக்குள் வந்தது. வாசனைச் சவுக்காரம் இருந்த தட்டுக்குக் கீழேயே அடுக்கினார். சவுக்காரம் தோற்றுப் போயிற்று.

மணம் வரிசை முழுக்கப் போனது. போய் வாங்கப் பாலமும் இல்லை, மூட்டைகள் கண்ணெதிரே கிடக்க அக்கரையைச் சொல்ல வழியும் இல்லை. மழை கொஞ்சம் தணிந்ததும் ஒருத்தி வந்தாள். “என்னப்பா இது, இருக்க ஏலாமல் கிடக்கு” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. அடுத்தவள் வந்தாள். அவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூட்டத்தில் எடுத்த முடிவை எனக்கு ஞாபகப்படுத்திவிட்டு நின்றாள். இப்படியே ஐந்தாறு பேர் என் தாழ்வாரத்தில் சேர்ந்துவிட்டார்கள். கடைசியாகக் கொழும்பு அக்கா குடையோடு வந்தார். எல்லாரும் அவருக்கு வழி விட்டார்கள்.

“பிள்ளை, நாங்கள் கதைச்சது என்ன, நீர் செய்யிறது என்ன?” என்றார், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு.

நான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரு கை மூக்கில். மற்றக் கையில்?

“ஏனக்கா,” என்றேன், “மணக்குதெண்டு சொல்ல வாற ஆக்கள் பையோடை ஏன் வந்தனியள்?”

ஒருத்தி, “இது தலைக்குப் பிடிக்கக் கொண்டு வந்தனான்” என்றாள். அவள் தலை தெப்பமாக நனைந்திருந்தது. மூட்டைமேல் குந்தியிருந்த வியாபாரி சிரிப்பை அடக்க மேல்கூரையைப் பார்த்தார்.

எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. “எனக்கெல்லாம் தெரியும். மத்தியான வெயிலுக்கை ஆர் ஆர் பாலத்தாலை போனதெண்டும் தெரியும். உங்களை நம்பித்தானே கடை போட்டனான்? பெட்டி கட்டியாச்சு, நாங்கள் போறம். அந்த யாம் போத்தலை நீங்களே பங்கு போட்டுத் தின்னுங்கோ!” என்று கத்தினேன்.

கொழும்பு அக்கா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். பையை என் மேசையில் வைத்தார்.

“எனக்கு அரை றாத்தல்,” என்றார், எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக. “முதல்லை இவைக்குக் குடும். நான் நிக்கிறன்.”

அதன் பிறகு பார்க்க வேண்டுமே. வியாபாரியிடம் விலை பேசி ஒரு மூட்டையை அங்கேயே அவிழ்த்தேன். ஒருத்திக்கு வால் பக்கம் வேண்டாமாம், ஒருத்திக்குத் தலை வேண்டுமாம். ஒருத்தி மட்டும், “வயலிலை வேலை செய்யிற ஆக்களுக்கு” என்றாள். வாய்க்கால் பெருகிக் கிடக்கிற மழையில் எந்த வயல், எந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை. வாங்கியவர்கள் பையை மறைக்க மறந்து கதைத்துக்கொண்டே போனார்கள்.

கடைசியில் அக்கா மட்டும் நின்றார். அவருடைய அரை றாத்தலை நிறுத்தேன். மனம் நிறைந்திருந்தது. அக்கா வாய் திறந்திராவிட்டால் என் கடை அன்றோடு முடிந்திருக்கும். நல்ல சதைப் பிடிப்பான துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் மேலதிகமாக வைத்தேன்.

“அதை எடும்,” என்றார் அக்கா.

“பரவாயில்லையக்கா, இருக்கட்டும்...”

“எடும், பிள்ளை.” குரல் தாழ்ந்திருந்தது. “சங்கக்கடை மனேச்சர் நல்ல மனிசன். எனக்கு நிறுத்துப்போட்டு எப்பவும் ஒரு பிடி கூடப் போடுவார். ‘பாவம், கொழும்பிலை இருந்ததுகள்’ எண்டு பக்கத்திலை நிக்கிறவைக்குச் சொல்லுவார். நான் கேட்டுக்கொண்டு நிப்பன். பிள்ளையளின்ரை முகத்தை நினைச்சு அதையும் வாங்கிக்கொண்டு வருவன். நீர் போனால் நான் திரும்பவும் அங்கைதான் நிக்கோணும். எனக்குச் சரியா நிறுத்துத் தர ஒரு கடை வேணும். போகாதேயும்.”

என்னில் மிஞ்சியிருந்த கோபமும் போன இடம் தெரியவில்லை. அந்தத் துண்டை எடுத்து மூட்டைக்குள் போட்டேன். தட்டு மெல்ல மேலே வந்து சமமாக நின்றது. அக்கா குனிந்து பார்த்தார்.

“சரியா அரை றாத்தல்,” என்றேன்.

“ஓம்,” என்று காசை எண்ணி மேசையில் வைத்தார்.