மூன்றாவது முதலை

யுத்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகம் கிடைக்காது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த என் அண்ணன், கழித்துவிட்ட தாள்களின் பின்பக்கத்தில் படம் கீறி, நூலால் தைத்து, என் மூன்று வயது மகளுக்கு எண் பழக ஒரு புத்தகம் செய்து கொடுத்தார். ஒன்றுக்குக் குடை பிடித்த யானை. இரண்டுக்குச் சட்டை போட்ட நண்டுகள். மூன்றுக்கு, வரிசையாக உட்கார்ந்து பிட்டுத் தின்னும் முதலைகள். பிள்ளை பயந்துவிடும் என்று அவற்றுக்குப் பல் வைக்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கத்தில்தான் உயிர்.

எங்கள் வீட்டு வளவின் பின்புறம் வாவி. மாரி வெள்ளத்தில் வேலி போயிருந்தது. கணவர் கிரான் ஊரில் வயல் வேலையோடு நின்றார். ஒருநாள் காலை குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து சேலையைப் பிடித்தாள்.

"அம்மா, முதலைக்குப் பிட்டுத் தாங்க."

விளையாட்டுத்தானே என்று கொஞ்சம் தேங்காய்ப்பூவைக் கையில் வைத்தேன். போனவள் திரும்பி வந்தாள்.

"ரெண்டுதான் வந்திரிக்கு. மத்ததக் காணல்ல."

"அது மறுகா வரும், மகள்."

அவள் மறுபடி வெளியே போனாள். திடீரென்று கோழிகள் கத்திக்கொண்டு கூரையில் ஏறின. எட்டிப் பார்த்தேன். கரைச் சேற்றில் இரண்டு முதலைகள் வாயைப் பிளந்தபடி கிடந்தன. மகள் அவற்றைப் பார்க்கவேயில்லை. கவிழ்த்து வைத்த தோணியின் பக்கம் குனிந்து எதையோ தேடினாள். தோணிக்கு அப்பால், அவள் கைக்கு எட்டும் தூரத்தில், தண்ணீரிலிருந்து ஒரு மூக்கு மேலே வந்தது.

நான் குசினி வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பக்கத்து வளவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீன்காரரும் அதைக் கண்டார். ஓடி வந்து, தோணி தள்ளும் தாங்குகம்பால் தோணியில் ஓங்கி அடித்தார். "தங்கச்சி, புள்ளயத் தூக்கு."

எப்படிப் போனேன், எப்படித் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்குள் வந்த பிறகுதான் என் காது கேட்கத் தொடங்கியது. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் தூக்கின நீங்க? மூண்டாவதும் வந்திட்டே."

மீன்காரர் படியில் உட்கார்ந்தார். நான் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

பின்னேரம் அண்ணன் வந்து நடந்ததைக் கேட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார். "நான்தானே பல்லில்லாமக் கீறினன்," என்றார். சாப்பிடாமலே மீன்காரரோடு போய், இருட்டுமுன் வேலி கட்டி முடித்தார்.

நாங்கள் ஆளனுப்பிச் சொன்னதும் கணவர் மறுநாள் வந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு, தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய கைகளையும் கால்களையும் தடவித் தடவிப் பார்த்தார்.