நூலின் நுனி

என் பேத்தி எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை ஒன்றரைக் கிலோ. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஆஸ்பத்திரி நர்ஸ் என் மகளிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"தலைய தொறந்து வுடாதம்மா. இத்தினியூண்டு கொழந்தைக்கு ஒடம்பு சூடு தலை வழியாதான் போவும். தொப்பி கயலாம பாத்துக்க. புண்ணு, கிண்ணு எதுவும் வராம பாத்துக்க."

அது கார்த்திகை மாதம். காசிமேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஜன்னலைச் சாத்தினாலும் கடல் காற்று எப்படியோ உள்ளே வந்துவிடும். கடையில் வாங்கிய தொப்பிகளில் ஒன்று குழந்தையின் மூக்கு வரை இறங்கியது. இன்னொன்று தலையில் நிற்கவே இல்லை. மடித்து ஊக்கு குத்திவிடலாம் என்றாள் என் மனைவி. ஊக்கு என்ற சொல்லைக் கேட்டதுமே மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகை அடங்கியதும் என்னைப் பார்த்து, "நைனா, உன் கடைலேர்ந்து வர்ற வழியில எங்கனா சின்ன சைஸ் கீதான்னு பாரேன்" என்றாள்.

பார்க்கிறேன் என்றேன். எனக்குத் தொப்பி பின்னத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. அது அதுவரை என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும்.

நான் ராயபுரத்தில் ஒரு கயிற்றுக் கடையில் வேலை செய்கிறேன். லாரிக்கும் படகுக்கும் துறைமுகத்துச் சரக்குக்கும் நைலான் கயிறு அளந்து வெட்டிக் கொடுப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு கயிற்றுச் சுருள் காலில் உருண்டு விழுந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். அப்போது போனில் ஒரு வீடியோ தானாக வந்தது. இரண்டு கை, இரண்டு ஊசி, ஒரு நூல். ஆள் முகம் தெரியவில்லை. பாஷையும் புரியவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதுவே வசதியாக இருந்தது. படிக்க ஒன்றும் இல்லை, பார்த்தால் போதும்.

முதல் ஊசியை மனைவிதான் வாங்கி வந்தாள். "பெரிய நம்பரா வாங்கினு வா" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். கயிற்றில் பன்னிரண்டு என்றால் தடிமன், எட்டு என்றால் சன்னம். ஊசியில் அது தலைகீழ் என்று யார் கண்டார்கள்? பன்னிரண்டாம் நம்பர் ஊசி தென்னங்குச்சி போல இருந்தது. அதை வைத்துத் தடித்த நூலில் ஒரு மஃப்ளர் பின்னினேன். வளையாத மரப்பலகை போல நின்றது. வாசலில் மிதியடியாகப் போட்டாள். போட்டுவிட்டு, "யோவ், கதவ சாத்திக்கினு பின்னு. எதிர்வூட்டுக்காரி பாத்தான்னா ஸ்வெட்டர் ஆர்டர் குடுப்பா" என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேதான் பின்னினேன். பின்னுவேன், பிரிப்பேன். யாருக்கும் கொடுத்ததில்லை.

இந்தத் தடவை மனைவியை அனுப்ப முடியாது. குழந்தையையும் மகளையும் விட்டு அவளால் நகர முடியவில்லை. நானே வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். பட்டன், லேஸ், ஜிப், உல்லன் நூல் விற்கும் கடை. உள்ளே முழுக்கப் பெண்கள். எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். கூட்டம் குறையவில்லை. இன்னொரு டீ குடித்தேன். அதற்குள் கூட்டம் கூடித்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே போனேன்.

"இன்னாண்ணே, பட்டனா, ஜிப்பா?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"உல்லன்."

"எதுக்கு?"

"வூட்ல கேட்டாங்க."

"அதான், வூட்ல எதுக்குக் கேட்டாங்க?"

பக்கத்தில் லேஸ் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சிரித்தாள். "கொழந்த தொப்பிக்கு" என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

மூன்று உருண்டைகளை எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் இங்கிலீஷில் எழுதிய காகிதப் பட்டை. எனக்கு அது படிக்க வராது. தொட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒன்று போலவே இருந்தன. கயிறு இழுத்து இழுத்து என் உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. விரல் நுனியும் அப்படித்தான். மெத்தென்று இருக்கிறதா, சொரசொரப்பாக இருக்கிறதா என்று என் கை சொல்லாது. மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்தேன். அதுவும் போதவில்லை. கடைசியில் மேலுதட்டில் வைத்துத் தேய்த்தேன்.

"அண்ணே, மோந்தா பாக்கறே? மல்லிப்பூவா அது?" என்றாள் லேஸ் அம்மாள்.

காது சூடாகிவிட்டது. ஆனாலும் தேய்ப்பதை விடவில்லை. முதல் உருண்டை உதட்டில் அரித்தது. அது நிஜ ஆட்டு ரோமம் என்றாள் கடைக்காரப் பெண். இரண்டாவது வழவழவென்று இருந்தது, ஆனால் இழை பிரிந்து பிரிந்து வந்தது. மூன்றாவதுதான் உதட்டில் இருப்பதே தெரியவில்லை. அதில் வெளிர் மஞ்சளை எடுத்தேன். சாயம் போகுமோ என்று ஒரு பயம். எச்சில் தொட்டுக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்தேன். கறை படவில்லை.

ஊசியில் பத்தாம் நம்பர் கேட்டேன். இரும்பில் ஒன்றும் மூங்கிலில் ஒன்றும் காட்டினாள். இரும்பு ஊசி ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். வீட்டில் மகள் இருக்கிறாள், அங்கே வைத்துப் பின்ன முடியாது. கயிற்றுக் கடை குடோனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பின்ன வேண்டும். அதனால் மூங்கில். ஆனால் மூங்கிலில் சிலாம்பு இருந்தால் நூலில் ஏறி, நூலிலிருந்து குழந்தைக்குப் போகுமே. நான்கு ஜோடியைக் கைக்குட்டையில் உருவி உருவிப் பார்த்தேன்.

"பொண்ணு பாக்கப் போனாகூட இவ்ளோ நேரம் ஆவாதுண்ணே" என்றாள் கடைக்காரப் பெண். அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் காசைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மகள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு சணலைக் குழந்தையின் தலையைச் சுற்றி வைத்தேன். "படுத்துக்கினு கீற கொழந்தய அளக்காதய்யா!" என்று மனைவி பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். படுக்கவைத்து அளப்பது செத்தவர்களைத்தான். தோளில் வைத்து அளந்தேன். அளவு வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டுச் சட்டைப்பையில் வைத்தேன். சணலின் நுனிக்கு அந்த முடிச்சு எவ்வளவு கிட்டத்தில் இருந்தது, தலை அவ்வளவு சின்னதா என்று நினைத்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

குடோனில் மூன்று மதியம் பின்னினேன். இரண்டாம் நாள் அண்ணாச்சி, அதாவது என் முதலாளி, திடீரென்று உள்ளே வந்துவிட்டார். நூலையும் ஊசியையும் கயிற்றுச் சுருளுக்குள் போட்டேன்.

"என்னடே, சாப்பாட்டு நேரத்துல இங்கன ஒளிஞ்சு நிக்க? சிகரெட்டா?"

"ஆமா அண்ணாச்சி."

"இந்த வயசுல இது வேறயா? தீய கீய வச்சிராதடே. பூரா நைலானு."

நான் பிறந்ததிலிருந்து சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் பின்னுகிறேன் என்பதைவிட அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

தொப்பி முடிந்தபோது இரண்டு நுனி மிஞ்சியது. விளிம்பில் ஒன்று, உச்சியில் ஒன்று. வீடியோவில் அந்த இடம் மட்டும் கண் சிமிட்டும் நேரத்தில் ஓடிவிடும். நுனி எங்கே போகிறது என்றே தெரியாது. நான் வீடியோவைத் திரும்பப் போட்டும் பார்க்கவில்லை. நுனியைப் பற்றி எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? அதுதானே என் தொழில். நைலான் கயிற்றை வெட்டினால் நுனியை நெருப்பில் காட்டி, உருகியதும் விரலால் அழுத்திவிடுவோம். அதற்குப் பிறகு இழை பிரியாது.

இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு குழந்தையின் கால் விரலில் துணியிலிருந்து பிரிந்த நூல் சுற்றிக்கொண்டு விரல் நீலமாகிவிட்டது என்று மனைவி சொல்லியிருந்தாள். அதிலிருந்து பிரிந்த நூலை எங்கே பார்த்தாலும் அறுத்துப் போட்டுவிடுவேன். ஒரு துண்டு நூலைத் தீக்குச்சியில் காட்டினேன். நைலான் போலவே உருகிச் சுருண்டது. எனக்கு நிம்மதியாகிவிட்டது. இரண்டு நுனியையும் ஒட்ட வெட்டி, சுட்டு, விரலால் அழுத்தி, தடவிப் பார்த்தேன். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

கடையில் கிடைத்தது என்று சொல்லித்தான் மகளிடம் கொடுத்தேன். துவைத்துக் காயவைத்து அவளே போட்டுவிட்டாள். "நைனா, அளவெடுத்துத் தெச்ச மாதிரி கீது!" என்றாள். பேத்தி பிறந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் குழந்தை விட்டு விட்டு அழுதது. வயிற்று வலி என்று நினைத்தோம். அதற்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மாத்தூரிலிருந்து மருமகன் வந்திருந்தார். தலை துடைக்கத் தொப்பியைக் கழற்றிய மகள், "யம்மா" என்று ஒரு சத்தம் போட்டாள். இடது காதுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கீறல். ஓரத்தில் நீர் கசிந்திருந்தது.

"புண்ணு வரக்கூடாதுன்னு அந்த நர்ஸக்கா சொன்னாங்களே, சொன்னாங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருமகன் தொப்பியைக் கையில் எடுத்தார். "எந்தக் கட மாமா இது? பில்லு கீதா? இப்பவே போயி ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன். பச்சக் கொழந்த போடறத இப்டியா விப்பானுங்க?"

தொப்பியை வாங்கி உள்பக்கம் விரலால் தடவினேன். ஒன்றும் இல்லை. திரும்பத் தடவினேன். ஒன்றும் இல்லை. பிறகு அத்தனை பேர் முன்னாலும் அதை மேலுதட்டில் வைத்துத் தேய்த்தேன். விளிம்பில், நான் சுட்ட இடத்தில், கருவேல முள் மாதிரி ஒன்று குத்தியது. நூலைச் சோதித்த நான் தொப்பியைச் சோதிக்கவில்லை.

பேசாமல் இருந்தால் மருமகன் போய் அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் சத்தம் போடுவார். அதைவிட, எதனால் வந்த புண் என்று டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும்.

"கட இல்ல மாப்ள. நான்தான் பின்னேன்."

"இன்னாது?"

"அவருதான் மாப்ள பின்னாரு. ரெண்டு மூணு வருசமா பின்னிக்கினுதான் கீறாரு" என்றாள் மனைவி.

மருமகனுக்குச் சிரிப்பதா, வேண்டாமா என்று தெரியவில்லை. மகள் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. "அப்ப குத்தனது இன்னா?" என்று கேட்டாள்.

"நூலு நுனி. பிரியாம இருக்கட்டும்னு நெருப்புல சுட்டேன்."

"நெருப்புலயா? சுட்டதையா எடுத்துக் கொழந்த தலைல வெச்சே?"

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடையில் வாங்கிய பெரிய தொப்பியைப் போட்டு, அது நழுவாமல் மகள் வழி முழுக்கக் கையாலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். நான் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். ஒன்றரைக் கிலோவுக்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொரு கிராமும் அந்தக் கீறல் வழியாக இறங்கிப்போவது போல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. மருமகன் எனக்கு டீ வாங்கி வந்தார். பிடித்துக்கொண்டே இருந்தேன், ஆறிப்போய்விட்டது.

டாக்டரம்மா காதுக்குப் பின்னால் லைட் அடித்துப் பார்த்தார். நுனியைச் சுட்ட கதையை நானே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மேல் தோல்தான். உள்ள போகல. இந்த மருந்த தடவுங்க, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றவர், குழந்தையை எடை போட்டுவிட்டு, "ரெண்டு கிலோ தாண்டிட்டா" என்றார். மகள் அங்கேயே நாற்காலியில் தலை சாய்த்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் கீறல் ஆறியது. ஆனால் தொப்பிப் பிரச்சினை அப்படியே இருந்தது. பெரிய தொப்பி, அது நழுவாமல் பிடிக்கும் மகளின் கை, கடல் காற்று. நான் மறுபடி வண்ணாரப்பேட்டை போனேன். இந்தத் தடவை டீ குடிக்கவில்லை. குடித்தால் திரும்பிவிடுவேன் என்று தெரியும்.

"இன்னாண்ணே, வூட்ல தொப்பி முடிச்சிட்டாங்களா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"நான்தாம்மா பின்றேன். கடைசில நுனிய இன்னா பண்றதுன்னு தெரியல. நெருப்பு வெச்சிட்டேன். கொழந்தைய குத்திருச்சி."

லேஸ் பக்கம் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். "ஐய, இது இன்னா லாரிக் கயிறா, நெருப்பு வெக்கறதுக்கு?" என்றாள் கடைக்காரப் பெண். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் வாய் கோணிக்கொண்டது.

முனை மழுங்கிய பெரிய காது ஊசி ஒன்றை எடுத்தாள். மாதிரிக்குத் தொங்கவிட்டிருந்த ஒரு பின்னலின் நுனியை அதில் கோத்து, உள்பக்கம் ஐந்தாறு கண்ணிகள் வழியாக ஓட்டி, திருப்பி, வந்த வழிக்குப் பக்கத்திலேயே மறுபடி ஓட்டினாள். "இழுத்துப் பாரு" என்றாள். இழுத்தேன். வரவில்லை. "நீ பண்ணு" என்றாள். அங்கேயே நின்று இரண்டு முறை செய்து காட்டினேன். பின்னால் ஒரு பெண் எட்டிப் பார்த்து, "கைய பாரு, கரெக்டா போடறாரு" என்றாள்.

அந்த ஊசியையும் வாங்கி வந்து, மிச்ச நூலில் புதிய தொப்பி பின்னினேன். இந்தத் தடவை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மகள் பார்க்கவே பின்னினேன். அளவெடுக்கும்போது அவளே குழந்தையைத் தோளில் தூக்கிப் பிடித்தாள். பழைய சணலில் புது முடிச்சு முந்தைய முடிச்சிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி விழுந்தது.

முடித்துக் கொடுத்ததும் அவள் அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். கன்னத்தில் மெதுவாகத் தேய்த்தாள், பிறகு கண் இமையின் மேல். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சுற்று முழுக்கத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் குழந்தைக்குப் போட்டாள்.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தொப்பி பின்னிவிட்டேன். ஒவ்வொரு முறை போடும் முன்னும் அவள் அப்படித்தான் தேய்த்துப் பார்க்கிறாள். நான் கொடுக்கும்போதே உள்பக்கம் வெளியே வரத் திருப்பித்தான் கொடுக்கிறேன்.