மூன்று பெட்டியில் ஒரு கார்

யாகப்பன் வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவன். ஒரு வண்டியும் அவனுடையது இல்லை. முதலில் பொம்மிடியில் ஒரு மண்டிக்காரருடைய காரை ஓட்டினான். பிறகு பாலக்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் பங்குக் கோவிலில் பிரெஞ்சுக்காரப் பெரிய சாமியாருக்கு ஜீப் ஓட்ட வந்து சேர்ந்தான். சாமியாரின் ரேடியோ, கோவில் கடிகாரம், கன்னியர் மடத்துத் தையல் மெஷின் எது நின்றுபோனாலும் அவன் கைக்குத்தான் வரும். கை சுத்தமான ஆள் என்று ஊரில் பேர். அந்தப் பேரை நம்பித்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தான் என்று நான் சொல்வேன்.

1966 டிசம்பரில் பொம்மிடி ஸ்டேஷனில் சாமியார் பேருக்கு ஒரு பார்சல் வந்து கிடந்தது. பிரான்சிலிருந்து அவருடைய அக்கா அனுப்பியது. கம்பளிச் சட்டை, சாக்லேட், அப்புறம் மூன்று அட்டைப்பெட்டிகள். பெட்டி மேலே அழகான கார் படம் இருந்தது. திறந்தால் கார் இல்லை. கதவு தனி, சக்கரம் தனி, ஸ்டியரிங் தனி என்று ஐம்பது அறுபது பிளாஸ்டிக் துண்டுகள். உள்ளே இருக்கும் படத்தாளில் நம்பர் பார்த்து, ஒவ்வொன்றாகப் பசை போட்டு ஒட்டினால் கார் ஆகும். கோவிலில் வேதபாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு வைக்கும் ஞானோபதேசப் பரீட்சையில் முதல் மூன்று இடம் வரும் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு என்று சாமியார் சொல்லிவிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து வை, யாகப்பா" என்று பெட்டிகளை அவனிடம் கொடுத்தார்.

பார்த்து வைத்திருக்கலாம். ஜீப் ஷெட்டில் உட்கார்ந்து மூன்றையும் பிரித்துப் பரப்பினான். ஒன்று மூக்கு நீண்ட பந்தயக் கார், ஒன்று முதுகு வளைந்த சின்னக் கார், இன்னொன்று வேன் மாதிரி. எதுவும் அவன் மனசுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேனின் முன்பக்கத்தைச் சின்னக் காரின் பின்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்தால்? பந்தயக் காரின் சக்கரத்தையும் அந்தப் பளபள பம்பரையும் மாட்டினால்? பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தான். மூன்றாம் நாள் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு பெட்டிச் சக்கரம் இன்னொரு பெட்டி அச்சில் ஏறவில்லை. சைக்கிள் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டையைப் பெரிதாக்கினான். இடுக்குகளை மெழுகு வைத்து அடைத்து, ஜீப்புக்கு அடித்ததில் மிஞ்சிய பெயின்டைப் பூசினான்.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கார் வந்தது. பாலக்கோட்டு ரோட்டில் ஓடவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கார். தரையில் வைத்துத் தள்ளினான், நேராக ஓடியது. முப்பத்தெட்டு வயசு ஆள் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் குப்புறப் படுத்து, "என் காரு" என்றான். அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் செய்ததுதான் கேவலம். மிஞ்சிய துண்டுகளை மூன்று பெட்டியிலும் பங்கு பிரித்துப் போட்டு, மூடியை ஒட்டி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தான். சத்தம் நிறைவாக இருந்தது.

இரண்டாம், மூன்றாம் பரிசு வாங்கிய பையன்கள் கிடைத்த துண்டில் கயிறு கட்டிப் பொங்கல் வரைக்கும் இழுத்துத் திரிந்துவிட்டு மறந்துபோனார்கள். முதல் பரிசு புஷ்பமேரிக்கு. பத்து வயசு, அப்பா இல்லை, அம்மா மதலேனம்மாள் கூலிக்குப் போகிறவள். அந்தப் பெண் துண்டுகளை முறத்தில் பரப்பி வைத்து, படத்தாளைப் பார்த்து, நம்பர் நம்பராகத் தேடினாள். ஒன்பது இருந்தது, பத்து இல்லை. சக்கரம் இரண்டு இருந்தது, அதுவும் வேறு வேறு சைஸ். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் குறை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சாமியார் கையால் கொடுத்தது அல்லவா? தானே தொலைத்துவிட்டதாக முடிவு கட்டி வாசலைக் கூட்டினாள், அடுப்புச் சாம்பலைச் சலித்தாள், குப்பைக்குழியைக் கிளறினாள். அம்மாவும் அப்படியே முடிவு கட்டி, மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு வந்தாள்.

"சாமி குடுத்ததத் தொலைச்சுட்டு நிக்கிறாளுங்க. மன்னிப்புக் கேளுடி!" என்று முதுகில் இரண்டு வைத்தாள். மூன்றாவது அடிக்குக் கை ஓங்கும்போது யாகப்பன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

"போதும் வுடு, மதலேனா. போனது போவுட்டும். புள்ளைய அடிக்காத."

புஷ்பமேரி முட்டி போட்டு, "தொலைச்சது எந்தப்புதானுங்க சாமி" என்றாள். பரவாயில்லை குழந்தை என்று சாமியார் தலையில் கை வைத்தார். யாகப்பன் துணியை எடுத்துக்கொண்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டான்.

அவன் ஒரு வழி யோசித்தான். சனிக்கிழமை, செய்த பாவத்தைத் தட்டி மறைவில் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். சாமியார் காதில் போட்டுவிட்டால், அவரே அந்தப் பிள்ளையிடம் எதையாவது சொல்லிச் சரிக்கட்டிவிடுவார், நம் பேர் வெளியே வராது என்று நினைத்தான்.

தட்டிக்கு அந்தப்பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"தாயிடமும் பிள்ளையிடமும் நீயே போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் உனக்கு அபராதம்" என்றார் சாமியார்.

"சாமியே ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"ஷெட்டில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன். இங்கே வந்து சொல்லிவிட்டாய். இனி என் உயிர் போனாலும் முடியாது."

தொட்டியில் கேட்டது தொட்டியோடு சரி என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இந்தப் புத்திசாலிக்கு அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது. பேசக்கூடிய இன்னொரு வாயையும் தானே பூட்டிவிட்டு எழுந்து வந்தான்.

அபராதம் தீர்க்காமல் பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்க முடியாது. வாங்காவிட்டால் ஏன் என்று மனைவி லூர்து மேரி கேட்பாள். பூசைக்கு முன்னால் வாயில் எதையாவது போட்டவனும் நன்மை வாங்கக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் டீக்கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு, "அடடா, மறந்து குடிச்சுட்டேன்" என்பான். ஒரு மனுஷன் எத்தனை ஞாயிறு மறப்பான்? சாமியாரோ ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். வழியில் புஷ்பமேரி எதிர்ப்பட்டு, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றால், ஆசீர்வதிக்கத் தூக்கிய கையைச் சட்டென்று இறக்க மாட்டார். யாகப்பன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். 1971-இல் சாமியார் காய்ச்சலில் இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு மூலையை அவனும் தூக்கினான். அழுகைக்கு நடுவில், விஷயம் தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார் என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அதற்காகவும் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

1974-இல் புஷ்பமேரி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினாள். மடத்து மதர் அவளைப் பார்க்க ஜீப்பில் போனார். பெங்களூரில் ரேடியோ செய்கிற கம்பெனியில் பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள், தங்க இடமும் உண்டு என்றார்.

"வேணாங்க மதர்" என்றாள் அவள்.

"ஏன்?"

"சின்னச் சின்ன சாமானெல்லாம் என்னை நம்பிக் குடுக்கக் கூடாதுங்க. தொலைச்சுடுவேன். எனக்குக் கை சரியில்லைங்க. தோட்ட வேலைக்கே போறனுங்க."

ஜீப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த யாகப்பன், மதரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். வீட்டுப் பரணில் அந்தக் காரை ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் திறந்தான். எப்படிச் சொல்வது என்று ஏழு வருஷமாக யோசித்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை.

"மூணு பொட்டியிலயும் எடுத்து நாந்தாம்மா பண்ணுனேன். குடுக்கறதுக்கு முந்தியே எடுத்துட்டேன்."

மதர் சிலுவை போட்டுக்கொண்டார். புஷ்பமேரி காரைக் கையில் வாங்கவில்லை.

"அப்போ நான் தொலைக்கலையா, மாமா?"

"நீ ஒண்ணுமே தொலைக்கலம்மா."

"நான் தொலைக்கலையா?" என்று மறுபடியும் கேட்டாள். அவள் மதர் பக்கம் திரும்பி, "எந்தத் தேதிக்குப் போவணுமுங்க?" என்றாள். அப்புறம் அவனைப் பார்க்காமலே, "அம்மா மாதேஸ்வரன் தோட்டத்துல தக்காளி பறிக்குது. போய்ச் சொல்லுங்க மாமா" என்றாள்.

தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தான். புஷ்பமேரி சாமியார் முன்னால் முட்டி போட்டது தனியாகவா? வரப்பில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

மதலேனம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தான். செய்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் தக்காளிக் கறை படிந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நீங்க வந்து இந்தக் கையப் புடிக்கலன்னா எம்புள்ளைய இன்னும் அடிச்சிருப்பேன். இந்த மனுசனுக்கு இருக்கற எரக்கம் பெத்தவ எனக்கு இல்லையேன்னு அழுதேன். அன்னையிலருந்து தெனமும் செபம் சொல்லறப்போ எம்புள்ள பேருக்கு அடுத்தாப்புல உங்க பேரத்தான் சொல்லறேன், அண்ணா" என்றாள். "இன்னிக்கு ராத்திரி நான் என்னன்னு சொல்றது?"