மாப்பிள்ளை வண்டியைத் தள்ளி வந்த சகலை

கோகிலா அழைத்தபோது காலை ஏழு மணி இருக்கும். ஆத்தூரில் எங்கள் ஜவ்வரிசி மில் வாசலில் மரவள்ளிக் கிழங்கு லோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "வண்டியா கண்ணு?" என்பதுதான். "இல்லீங்க சித்தப்பா. கட்டல்லதான். காப்பி கொண்டுட்டுப் போயி எழுப்புனா எந்திரிக்கல."

அன்று பகல் முழுக்க நான் யார் யாருக்குச் செய்தி சொன்னேனோ அத்தனை பேரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். துக்கத்தின் நடுவே எனக்கு ஒரு பெருமையும் வந்தது, மறைப்பானேன். பந்தயத்துக்கென்றே செய்த நாலு சக்கர பைக்கைப் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டு, உடம்பில் ஒரு தையல்கூட இல்லாமல், சொந்தக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார் என் சகலை முத்துசாமி. இத்தனை வருஷமாக அந்த வண்டி அவரைக் கொல்லும் என்று ஊரே பந்தயம் கட்டியிருந்தது. ஊர் தோற்றுப் போனது.

அவர் அக்காளைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். அப்படித்தான் எங்களுக்குள் உறவு. உங்களில் பலருக்கு அவரை நாமக்கல் ரிக் வண்டிக்காரராகத் தெரியும். வடக்கே பல மாநிலங்களில் போர்வெல் போட்டுவிட்டு, நாற்பத்தைந்து வயதில் போதும் என்று வீட்டுக்கு வந்தவர். வந்தவர் சும்மா இருக்கவில்லை. பெங்களூரில் ஒருவர் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய குவாட் பைக்கை வாங்கி, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர், கையில் கிளட்ச். அந்த மாதிரி வண்டி இப்போது எங்கேயும் செய்வதில்லையாம். "இத வெச்சு என்னங்க சகலை பண்ணப் போறீங்க, உழவு ஓட்டவா?" என்று கேட்டேன். "உழவு என்னத்துக்கு? சும்மா ஓட்டறதுக்குத்தான்" என்றார். நாற்பத்தைந்து வயதில் ஒரு கவுண்டர் சும்மா ஓட்டுவதற்காக ஒரு வண்டி வாங்கினார் என்பதை எங்கள் மாமனார் கடைசிவரை நம்பவில்லை.

புது வண்டி வந்தால் கோயிலுக்குக் கொண்டு போகாமல் முடியுமா? மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, ஹேண்டில்பாரில் ஒரு பெரிய சாமந்தி மாலையையும் சுற்றிக் கட்டினோம். கட்டியது நான்தான். அந்த வண்டியில் ஆக்சிலேட்டரை முறுக்குவது கிடையாது. வலது கைக் கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். விரலை எடுத்தால் அது தானாகத் திரும்பிவிடும். முத்துசாமி பழத்தை நசுக்குகிற அளவுக்கு லேசாகத்தான் அழுத்தினார். மாலையின் வாழைநார் அந்த நெம்புகோலின் இடுக்கில் போய் மாட்டிக்கொண்டது. விரலை எடுத்தார், அது திரும்பவில்லை.

பிறகு நடந்ததை நான் முழுசாகப் பார்க்கவில்லை. என் முன்னால் பூசாரி குதித்தார். வண்டி கோயில் மைதானத்தைத் தாண்டி, ஒரு வெள்ளாட்டின் கயிற்றை அறுத்து விட்டுவிட்டு, எதிர்க்காட்டு வைக்கோல் போரில் பாதிவரை நுழைந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வைக்கோலுக்குள்ளிருந்து மாலையோடு வெளியே வந்த முத்துசாமியைப் பார்த்து ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினார். ஒரு நுனியை வண்டியிலும் மறு நுனியை மணிக்கட்டிலும் மாட்டிக்கொள்ள வேண்டிய கயிறு அது. ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் அந்த நொடியே அணைந்துவிடும். "பூசைக்கு நடுவால இது என்னத்துக்குன்னு பையில வெச்சேனுங்க சகலை. முன்னால நின்ன கொழந்தைகளப் பாத்தீங்களா?" என்றார். நான் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வண்டி போன தடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஏழெட்டுக் குழந்தைகள் பொங்கல் பிரசாதத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அதற்கப்புறம் அவர் வேறு ஆள். லாரிக்குப் பெயர் எழுதுகிற பெயிண்டரை வரச்சொல்லி, கொட்டகைக் கதவில் இரண்டு பக்கமும் தாமரைப்பூ போட்டு நடுவில் தன் சட்டங்களை எழுதி வைத்தார். தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ், மணிக்கட்டில் கயிறு, ஒரே ஆள், மாலை கூடவே கூடாது. ரோட்டில் ஏற்றவே மாட்டார். வீட்டிலிருந்து அவர் ஓட்டிப் பார்க்கிற மேட்டாங்காட்டு நிலத்துக்குக்கூட மினி லாரியில்தான் வண்டி போகும். கேலி செய்யாதவர்கள் கிடையாது. "மணமேடைக்குப் போற மாதிரி வண்டி வண்டில போகுதே" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

என்னையும் ஒருநாள் ஏற்றிவிட்டார். முதல் கியரில் கட்டைவிரலை அழுத்தினேன். ஒன்றுமில்லை. நம்ம மில் மோட்டார்கூட இதைவிடச் சுறுசுறுப்பு என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். மறுபடியும் ஒன்றுமில்லை. சரி என்று முழுசாக அழுத்தினேன். என்ஜின் சத்தம் கீச்சென்று ஏறியது. அதுவரை தூங்கிய சக்தி எல்லாம் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தது. முன் சக்கரங்கள் இரண்டும் என் முகத்துக்கு நேரே வந்தன. வானம் தெரிந்தது. அப்புறம் மரவள்ளிச் செடிகள் தெரிந்தன. நான் ஒரு பக்கம் கிடந்தேன், வண்டி பத்தடி தள்ளி அமைதியாக நின்றுகொண்டிருந்தது. மணிக்கட்டில் அந்தக் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

முத்துசாமி ஓடி வந்து என் கைகால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "ரெண்டு சக்கரம் பயப்பட வெக்குமுங்க சகலை. நாலு சக்கரம் நம்ப வெக்கும். அந்த நம்பிக்கைலதான் எலும்பு முறியறது" என்றார். திருப்பத்தில் அது பைக் போலத் தானாகச் சாயாது, நாம்தான் உடம்பைச் சாய்த்து வண்டியைத் திருப்ப வேண்டும் என்று அன்று மாலை வரை நடித்துக் காட்டினார். நான் அதற்கப்புறம் ஏறவே இல்லை. பார்ப்பதற்கு மட்டும் மாதம் ஒருமுறை போவேன். செம்மண் பறக்க, நீலப் புகை கிளம்ப, அறுபது வயது மனிதர் சீட்டில் முன்னும் பின்னும் நகர்ந்து உடம்பால் ஓட்டுகிற அழகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனிச் சொல்லப் போவதில் என் பங்கு அவ்வளவு கௌரவமானது இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் கோகிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கார்த்தி மோகனூர்ப் பையன். இப்போது மாப்பிள்ளைகள் எதில் எதிலோ வந்து இறங்குகிறார்கள் அல்லவா, கார்த்திக்கு மாமனாரின் குவாட் பைக்கில் மண்டப வாசலுக்கு வர ஆசை. கேட்டிலிருந்து மண்டபப் படிவரை எல்லாம் உள் மைதானம்தான், ரோடு இல்லை. முத்துசாமிக்கும் ஒரே சந்தோஷம். இரண்டு நாள் வண்டியைத் துடைத்தார். கதவில் எழுதிய சட்டங்களை மட்டும் போனில் படித்துக் காட்டினார். "சரிங்க மாமா" என்றான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் கார்த்தி தலையில் உருமால் தலைப்பாகையோடு வந்து நின்றான். கழுத்தில் முழங்கால்வரை ரோஜா மாலை. அவர்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் செங்கோடன் தன் கையால் கட்டிய உருமால் அது. தாய்மாமனுக்கு அதைவிட ஒரு மரியாதை இல்லை. அவரும் பட்டு வேட்டியில் வந்து, சீட்டின் பின்பாதியைத் தட்டிப் பார்த்து, "நானும் மாப்ளைக்குப் பின்னால உக்காந்துக்கறனுங்க" என்றார்.

"ஆவாதுங்க" என்றார் முத்துசாமி.

"என்னங்க ஆவாது? சீட்டு இத்தன நீளம் இருக்குதே."

"அது ஒரு ஆளு முன்னபின்ன நகர்றதுக்கு வெச்ச நீளமுங்க. ரெண்டாவது ஆளு ஏறுனா முன்சக்கரம் தூக்கிரும். மாப்ளையும் உருமாலக் கழட்டீட்டு ஹெல்மெட் போடோணும். மாலை ஆவாது."

செங்கோடன் முகம் கறுத்துவிட்டது. "ஏனுங்க, ஊர்ச்சனம் முன்னால நாங் கட்டுன உருமாலக் கழட்டச் சொல்றீங்களா? அப்பறம் இந்தக் கல்யாணத்துல எனக்கு என்ன வேல? கெளம்புங்கடா எல்லாரும்!"

நாதஸ்வரம் நின்றுவிட்டது. செங்கோடனின் தங்கையான மாப்பிள்ளையின் அம்மா அண்ணனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். மாடி ஜன்னலில் கோகிலா அலங்காரத்தோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு யாரையும் மறுத்துப் பேச வராது. வியாபாரத்தில் வளர்ந்த வாய். சகலையின் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். "ஐம்பதடி தூரந்தானுங்க சகலை. உட்டுக் குடுங்க. புள்ள வாழ்க்கைங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அவ வாழ்க்கைதானுங்க சகலை இந்தத் தம்பி" என்றார் மெதுவாக. அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று அந்த மனிதர் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

பிறகு வண்டிக்குப் பக்கத்தில் போய்ச் சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மாப்ள, உருமாலோட, மாலையோட ஏறிக்குங்க. என்ஜின் ஓடாது. நாந் தள்ளிட்டு வாரேன்" என்றார். செங்கோடன் பக்கம் திரும்பி, "இப்ப நீங்களும் ஏறலாமுங்க. ரெண்டு பேரையுமே தள்றேன்" என்றார். அவர் அதை நிஜமாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டம் குபீரென்று சிரித்துவிட்டது. நானும் சிரித்தேன். செங்கோடன் தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மா "அண்ணா!" என்று இரண்டடி ஓடினாள். கார்த்தி அவள் கையைப் பிடித்து, "பொண்ணூட்டு மாமா சொல்றது நாயமுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

பெண்ணைப் பெற்றவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மாப்பிள்ளை வண்டியைக் குனிந்து தள்ளிக்கொண்டு வந்தார். பாதி தூரத்தில் நாலு பேர் சேர்ந்தோம். நாதஸ்வரக்காரர்களும் சுதாரித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவு சக்தி உள்ள வண்டி அன்றைக்குப் போன வேகத்தில் ஒரு பாட்டி முன்னால் நடந்து போனாள். மறுநாள் காலையில் தாலி ஏறியது. செங்கோடன் வரவில்லை.

அந்தக் குறை முத்துசாமியைத் தின்றது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழைத்தாரோடு மோகனூருக்குப் போவார். அவர் வருவது தெரிந்ததும் செங்கோடன் பின்வாசல் வழியாகக் கரும்புக் காட்டுக்குள் போய்விடுவார். முத்துசாமி அவர் சம்சாரம் கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு, கரும்பைப் பார்த்துச் சத்தமாக, "அப்ப நாம் போயிட்டு வாரனுங்க மச்சான்!" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். ஐந்து பொங்கல் இப்படி. மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்தது என்று நான் சொன்னேன். "சிரிக்க வெச்சதுக்கு ஆயிரம் மன்னிப்புக் கேக்கறனுங்க. ஏத்தாததுக்கு ஒண்ணுகூடக் கேக்க மாட்டேன்" என்றார்.

முத்துசாமி போன மூன்றாம் நாள் சடங்குக்கு உறவெல்லாம் கூடியிருந்தோம். பதினோரு மணி வெயிலில் ஒரு மொபெட் வாசலில் வந்து நின்றது. செங்கோடன். தலையில் ஹெல்மெட். ஒருவரிடமும் பேசாமல் நேரே உள்ளே வந்து, முத்துசாமியின் படத்துக்கு முன்னால் நின்று, தாடைக்கடியில் கொக்கியைத் தேடினார். கொக்கி கழலவில்லை. நான் போய்க் கழற்றிவிட்டேன். உள்ளே முகம் முழுக்க வேர்வையும் கண்ணீரும்.

"மூணு வருசமாப் போட்டுக்கறனுங்க" என்றார் என்னிடம். "எதுத்தாப்புல இவுரு வாரது தெரிஞ்சா மட்டும் கழட்டி மடில வெச்சுக்குவேன்."

அழுது கொண்டிருந்த கோகிலா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். இந்த முறை யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

குவாட் பைக்கைக் கோகிலா வைத்துக்கொண்டாள். அப்பாவிடமே ஓட்டக் கற்றவள். முத்துசாமியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது "ஆவாதுங்க" என்ற ஒரு சொல்தான். அறுபது வருஷமாக என் வாயில் நுழையாத சொல். போன வாரம் எங்கள் மில்லுக்கு வந்த லாரியில், திரும்பிப் போகும்போது மூட்டை அடுக்கின் உச்சியில் வேலைக்கு வந்த பெண்கள் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருஷமாக நான் கையசைத்து அனுப்பி வைத்த காட்சிதான். லாரிக்கு முன்னால் போய் நின்றேன். "ஆவாதுங்க, எறங்குங்க. பஸ்ல போலாம்" என்றேன். டிரைவர் ஹாரன் அடித்தான், நான் நகரவில்லை. நாலு பேரும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள். திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள். நாலு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.